தூர்வாரிய சேறு கொட்டிய களத்தில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

ஆற்றில் சேறு அள்ளுவதை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அள்ளிய சேறு போய்ச் சேரும் இடத்தை எட்டிப் பார்ப்பவர் குறைவு. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு என்று சென்னையில் எங்கே தூர்வாரினாலும், நாலு பக்கமும் கரை எழுப்பிய களம் ஒன்று அந்தக் கரிய சேற்றுக்குத் தேவைப்படுகிறது. பாதித் தொல்லை அந்தக் களத்தில்தான் தொடங்குகிறது. களத்தைப் பார்த்துக்கொள்ளும் இளநிலைப் பொறியாளர், ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், பக்கத்துத் தெரு நலச்சங்கத்தில் கேள்வி கேட்பவர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கண்ணில் பட்ட அறிகுறியைத் தேடி அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் வேலை நடக்கும். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: காய்ச்சலா, பாய்ச்சலா?

நகரத்து ஆற்றுச் சேறு கறுப்பாக இருப்பதற்கு முக்கியக் காரணம் இரும்பு சல்பைடு. சாக்கடைக் கழிவு மக்கி, காற்றில்லாத அடியில் கந்தகமும் இரும்பும் சேர்ந்து உண்டானது அது. துத்தநாகம், காட்மியம், ஈயம், செம்பு ஆகியவையும் இதே கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு கரையாமல் கிடக்கும். தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை இந்த உலோகங்கள் அனேகமாக அசையாது. சேறு காய்ந்து விரிசல் விட்டுக் காற்று உள்ளே போனதும் சல்பைடு சல்பேட்டாக மாறும். கூடவே கந்தக அமிலம் பிறக்கும். பிடித்துவைத்திருந்த உலோகங்கள் விடுபடும். அடுத்து வரும் மழை அவற்றைக் கழுவிக்கொண்டு மதகுக்கு வந்துவிடும்.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் நல்லது. இந்தச் சேற்றுக்கு அதுதான் எமன். ஒன்பது மாதம் காயவிட்டு மூன்று மாதம் ஊறவிடும் களத்தில் எந்தக் கோளாறும் வரலாம். உலகத்தில் உருப்படியாக நடக்கும் இடங்கள் ஈரமாகவே வைப்பது, முழுக்கக் காயவைப்பது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டவை. ராட்டர்டாம் துறைமுகத்துக்கு வெளியே 1987-இல் திறந்த ஸ்லுஃப்டர், ஏறத்தாழ 15 கோடி கன மீட்டர் கொள்ளும் பெரும் பள்ளம். கடல் மட்டத்துக்குக் கீழே 28 மீட்டர் வரை தோண்டியது. மாசுபட்ட சேறு அங்கே தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கிறது, காய விடுவதே இல்லை. ஹாம்பர்க்கில் 1993 முதல் இயங்கும் மெத்தா ஆலை நேர் எதிர்: மணலைப் பிரித்தெடுத்து, மிச்சமுள்ள நுண்சேற்றைப் பிழிந்து காயவைத்து, அடிக்காப்பும் வடிநீர்ச் சேகரிப்பும் உள்ள மேடாக அடுக்குகிறார்கள். இரண்டுமே சரி. சரியில்லாதது நடுவில் நிற்பது. ஆகவே எந்த அறிகுறியானாலும் முதலில் கேளுங்கள்: இந்தக் களத்தை ஈரமாக வைக்கப் போகிறோமா, காயவைக்கப் போகிறோமா? இதற்குப் பதில் இல்லாத களத்தில் கீழே சொல்லும் வைத்தியமெல்லாம் அரைகுறையாகத்தான் பலிக்கும்.

கையில் வேண்டியவை அதிகமில்லை. ஒரு லிட்டர் அளவுச் சாடி, பேனா அளவில் வரும் பிஎச் மீட்டரும் (அமிலம் கூடினால் இந்த எண் குறையும்) டிடிஎஸ் மீட்டரும் (நீரில் கரைந்த உப்பைக் காட்டுவது), மூன்று மீட்டர் இரும்புக் கம்பி, நச்சுவாயு காட்டும் கைக்கருவி, ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு போத்தல், தினமும் எழுத ஒரு நோட்டு. நோட்டைச் சேர்க்காமல் மற்றதை வாங்கிப் பயனில்லை.

மதகில் வெளியேறும் நீர் கலங்கலாக வருகிறது

அடிக்கடி வரும் புகார் இது. மதகுக்கு உள்பக்கம் ஒரு லிட்டர் நீர் மொண்டு சாடியில் நிழலில் வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தெளிந்தால் சேற்றின் மேல் குற்றமில்லை. படிவதற்கு வேண்டிய அவகாசத்தை, களத்தில் சேற்றின்மேல் தேங்கிய குளம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையிலும் மோர் நிறத்திலேயே நின்றால் இந்தச் சேறு தானாகப் படியாத ரகம்.

அவகாசம் இல்லாததற்கு முதல் காரணம் ஆழம். மதகின் முன்னால் குறைந்தது 0.6 மீட்டர், அதாவது இரண்டடித் தண்ணீர் நிற்க வேண்டும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவு இது. ஆழம் குறைந்தால் வெளியேறும் ஓட்டம் அடியில் படிந்ததையும் இழுத்துக்கொண்டு போகும். "இன்னும் ஒரு பலகை எடுத்துடலாமா சார்?" என்று பம்ப் ஆள் கேட்பார், களம் நிரம்புகிறதே என்ற கவலையில். நீர்மட்டத்தைப் பிடித்துவைக்க மதகில் அடுக்கிய பலகைகளைச் சொல்கிறார். எடுக்க விடாதீர்கள். பம்பை நிறுத்துங்கள், அல்லது மதகின் நீளத்தைக் கூட்டுங்கள். நீளமான மதகில் நீர் மெல்லிய தகடாக வழியும். மேல்மட்டத்துத் தெளிநீர் மட்டும் போகும்.

இரண்டாவது காரணம் குறுக்குவழி. இரண்டு ஹெக்டேர் குளத்தில் 0.6 மீட்டர் ஆழம் என்றால் 12,000 கன மீட்டர். மணிக்கு 500 கன மீட்டர் வந்தால் காகிதக் கணக்கில் தண்ணீர் 24 மணி நேரம் தங்க வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில், சேற்றுக் குழம்பு வந்து கொட்டும் குழாய் வாயில் நாலைந்து தேங்காய் மட்டைத் துண்டுகளைப் போட்டு மதகுக்கு எப்போது வருகின்றன என்று பாருங்கள். மூன்று மணி நேரத்தில் வந்துவிட்டால், குளத்தின் பெரும்பகுதி சும்மா கிடக்க, ஒரு ஓரமாகவே ஓட்டம் போகிறது என்று பொருள். குழாய் வாயை எதிர்மூலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சவுக்குக் கம்பு நட்டு ஜியோ துணி எனும் கெட்டியான செயற்கைத் துணி கட்டி ஓட்டத்தை வளைத்து விடுங்கள். கரையோரக் களங்களில் பிற்பகல் கடற்காற்று அலையெழுப்பி அடியைக் கலக்கும். அங்கே வெளியேற்றத்தை இரவிலும் விடியலிலும் வைத்துக்கொள்வதே மலிவான தீர்வு.

தானாகப் படியாத சேறு வேறு கதை. முகத்துவாரத்துச் சேற்றில் உப்பு இருப்பதால் களித் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரண்டு சீக்கிரம் இறங்கும். அதே ஆற்றில் மேலே போய் நன்னீர்ப் பகுதியில் அள்ளிய சேறு நாள்கணக்கில் மிதக்கும். அதற்குத் துகள்களைத் திரட்டும் பாலிமர் மருந்து வேண்டும். அளவைச் சாடிகளில் வைத்துச் சோதித்து முடிவு செய்யுங்கள். கூடப் போட்டால் கூடப் படியும் என்பது இங்கே செல்லாது, அளவு மீறினால் துகள்கள் மறுபடி பிரிந்து நிற்கும். குளத்தில் வாளியால் ஊற்றுவது வீண். குழாய்க்குள்ளேயே செலுத்தினால்தான் கலக்கும். படிகாரம் மலிவு என்று யாராவது சொல்வார்கள். அது அமிலத்தையும் சல்பேட்டையும் கூட்டும். இந்தச் சேற்றுக்கு இரண்டும் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கிறது.

எண்ணூர்ப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பல்குழம்பு கொசஸ்தலையாற்றில் படிந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விவகாரம். சாம்பலில் ஒரு பங்கு உள்ளே காற்றடைத்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். அவை தண்ணீரைவிட லேசானவை. வெளிறிய மாவுபோல் மேலே திரண்டு மதகைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை நாள் தேக்கினாலும் படியாது. மதகுக்கு ஒரு மீட்டர் முன்னால் நீருக்குள் 30 சென்டிமீட்டர் இறங்கும்படி ஒரு தடுப்புப் பலகை வைத்து, தேங்குவதை வழித்தெடுக்க வேண்டியதுதான்.

நீர் மேல் வானவில் நிறத்தில் படலம்

எண்ணெய் என்று அலறுவதற்கு முன் ஒரு குச்சியால் கிழித்துப் பாருங்கள். படலம் ஓட்டுச்சில்லாக உடைந்து துண்டு துண்டாக விலகி நின்றால் அது இரும்புப் பாக்டீரியாவின் வேலை, பயமில்லை. கிழித்த இடம் உடனே மூடிக்கொண்டு நிறங்கள் சுழன்றால் எண்ணெய்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அந்த மாதிரி இடத்துச் சேற்றைக் களத்துக்குள் தனியே கரை போட்டுப் பிரித்த பகுதியில் கொட்டுங்கள், மற்றதோடு கலக்காதீர்கள். கலந்தபின் மொத்தக் களமும் எண்ணெய்க் களம்தான். மதகில் எண்ணெய் உறிஞ்சும் மிதவைத் தடுப்புப் போட்டு, நீரை மேல்மட்டத்திலிருந்து விடாமல் அடியிலிருந்து எடுக்க வேண்டும். முந்தைய பகுதியில் சொன்னதற்கு நேர்மாறு என்பதைக் கவனியுங்கள்.

தண்ணீர் தெளிவு, ஆனால் ஆய்வறிக்கையில் தோல்வி

உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், பிஎச் 5.5 முதல் 9 வரை, அம்மோனியா நைட்ரஜன் 50, கட்டற்ற அம்மோனியா 5, சல்பைடு 2, ஆறிணைய குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) 0.1 மில்லிகிராம் என்பவை நாட்டின் பொது வரம்புகள். சாக்கடை கலந்த சேற்றில் பெரும்பாலும் தோற்பது அம்மோனியா.

குளம் பச்சையாக இருக்கிறதா? பாசி வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் பிஎச் ஏறும். 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 8 என்றால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்குதான் மீனைக் கொல்லும் கட்டற்ற வடிவில் இருக்கும். பிஎச் 9 ஆனால் அது 45 பங்கு. ஒரே குளம், ஒரே நாள்; காலை ஆறு மணி மாதிரி தேறும், பிற்பகல் மூன்று மணி மாதிரி தோற்கும். வெளியேற்றத்தை விடியலுக்கு மாற்றிவிட்டுக் காற்றூட்டத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாதிரி எடுத்த நேரத்தை எழுதாத அறிக்கையை வைத்து வாதாட வேண்டாம்.

உலோகத்தில் தோல்வி என்றால், வடிகட்டிய மாதிரியையும் வடிகட்டாத மாதிரியையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். 0.45 மைக்ரான் வடிகட்டி. வடிகட்டியது குறைவாகவும் வடிகட்டாதது அதிகமாகவும் இருந்தால் உலோகம் துகளோடு போகிறது. கலங்கலைச் சரிசெய்தால் போதும். வடிகட்டியதும் அதிகம் என்றால் களத்தில் அமிலம் பிறந்துவிட்டது. துருச்சிவப்பு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்

நாற்றம் அடிக்கிறவரை ஒரு வகையில் நல்லது, மூக்கு வேலை செய்கிறது என்று தெரியும். இந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்த அளவும் அதுவே. காற்றைவிடக் கனமான வாயு இது. திறந்த வெளியில் கலைந்துவிடும், மதகுப் பெட்டியிலும் ஆழமான வாய்க்காலிலும் தேங்கி நிற்கும். சிக்கிய பலகையை எடுக்க ஒருவர் பெட்டிக்குள் இறங்க, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்க, என்று செய்தித்தாளில் சாக்கடைக் குழிகளைப் பற்றிப் படிக்கும் அதே கதை இங்கும் நடக்கும். வாயு அளக்காமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்காமலே பலகை தூக்கும்படி மதகைக் கட்டியிருந்தால் இன்னும் நல்லது.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க நேரத்தைப் பாருங்கள். புதிதாகக் கொட்டும்போது மட்டும் வந்தால் குழாய் வாயை நீருக்கு அடியில் வைத்தால் குறையும். கொட்டாத நாளிலும் வந்தால் குளத்து நீரில் உயிர்க்காற்று தீர்ந்துவிட்டது. தெரு வாசிகள் "சாக்கடை நாத்தம் இல்லை, கண்ணு எரியுது" என்று சொன்னால் அது அம்மோனியா. யாரோ சுட்ட சுண்ணாம்பை அள்ளிக் கொட்டியிருப்பார்கள். பிஎச் ஒன்பதைத் தாண்டியதும் சேற்றிலிருந்த அம்மோனியா வாயுவாகக் கிளம்பியிருக்கும்.

மேலே காய்ந்துவிட்டது, உள்ளே கூழ்

பொக்லைன் இறக்கலாமா என்று கேட்கும் முன் கம்பியைச் செருகிப் பாருங்கள். ஒரு சாண் தடித்த ஓடு, அதற்குக் கீழே எதிர்ப்பே இல்லாமல் கம்பி தன் பாரத்திலேயே இறங்கும். இந்த ஓட்டின்மேல் மனிதர் நடந்தாலும் ஆபத்துதான். பையன்கள் கிரிக்கெட் விளையாட வருவார்கள்; வேலியும் பலகையும் போடுவதை மறக்கக் கூடாது.

ஓடு ஒரு கனத்துக்குமேல் தடிக்காமல் நின்றுவிடும். காய்ந்த மேல்பகுதியே கீழே இருப்பதற்கு மூடியாகிவிடுவது ஒரு காரணம். பெரிய காரணம் மழைநீர். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். விரிசலுக்குள் இறங்கிய மழை வெளியேறாவிட்டால் கத்திரி வெயில் முழுக்க அந்தத் தண்ணீரைக் காயவைப்பதிலேயே தீர்ந்துபோகும், சேறு அப்படியே இருக்கும்.

விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் மின்னினால் வடிகால் போதவில்லை. கரைமேல் நின்ற பொக்லைனால் முதலில் கரையோரமாகச் சுற்று வாய்க்கால் எடுங்கள். ஆழம் ஓட்டின் கனத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்; கூழுக்குள் ஆழமாகத் தோண்டினால் பக்கச் சரிவு ஒழுகி மறுநாளே மூடிவிடும். தண்ணீர் வடிய வடிய ஓடு தடிக்கும், தடிக்கத் தடிக்க வாய்க்காலை இறக்குங்கள். பிறகு களத்தின் நடுவிலிருந்து கிளை வாய்க்கால்கள். மதகுப் பலகையையும் கூடவே இறக்கிக்கொண்டு வர வேண்டும். வாய்க்கால் எடுத்துவிட்டுப் பலகையை மறந்த களங்களை நிறையப் பார்க்கலாம்.

அடிப்படைத் தவறு பெரும்பாலும் வாய்க்காலுக்கு முன்பே நடந்திருக்கும்: ஒரே தடவையில் மூன்று மீட்டர் உயரத்துக்குக் கொட்டியிருப்பார்கள். வர்ஜீனியாவில் 2,500 ஏக்கர் பரப்புள்ள கிரேனி தீவுக் களத்தை 1984-இல் உள்கரை போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஓர் ஆண்டு ஒன்றில் கொட்டினால் மற்ற இரண்டும் காயும். இடம் சிறிதானாலும் இந்த முறை பலிக்கும். பிரிக்க இடமே இல்லையென்றால் ஜியோ டியூப் எனும் நீர் வடியும் துணிப் பைகளில் பாலிமர் சேர்த்து நிரப்பிப் பிழிய வேண்டியதுதான். செலவு கூடும், இடம் மிச்சம்.

முதல் மழைக்குப் பிறகு துருச்சிவப்பு நீர்

இருப்பதிலேயே கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. காய்ந்த களத்தில் முதல் கோடைமழை பெய்த மறுநாள் வாய்க்காலில் சிவந்த நீர் ஓடும். பிஎச் மீட்டரை விட்டால் 4, சில சமயம் 3. விரிசல் சுவரில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் பூச்சு தெரிந்தால் அமிலம் முற்றிவிட்டது. ஜரோசைட் எனும் அந்தக் கனிமம் பிஎச் நாலுக்குக் கீழேதான் உண்டாகும். கறுப்பு இரும்பு சல்பைடு காற்றுப் பட்ட சில மணி நேரத்திலேயே மாறத் தொடங்கும், பைரைட் எனும் கெட்டியான இரும்பு சல்பைடு வாரக்கணக்கில் மெல்ல மாறும். ஆகவே முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது நிம்மதிக்குக் காரணமில்லை.

உடனே செய்ய வேண்டியது: மதகை அடையுங்கள். அந்த நீர் ஆற்றுக்குப் போகக் கூடாது. வாய்க்காலின் கடைசியில் ஒரு குழி எடுத்து அதில் நீரைத் தேக்கிச் சுண்ணாம்பு கலந்து பிஎச்சை 7-க்கும் 8-க்கும் நடுவில் நிறுத்தினால் பெரும்பாலான உலோகங்கள் இரும்புச் சேற்றோடு படியும். எட்டரை ஒன்பது என்று ஏற்றினால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்காதீர்கள். சாம்பல் கலந்த சேற்றில் ஆர்செனிக் அந்த உயரத்தில் திரும்பக் கரையும், அம்மோனியாவும் கிளம்பும். படிந்த இரும்புச் சேற்றை வழித்துத் தனியே வையுங்கள், உலோகம் எல்லாம் அதில்தான் குவிந்திருக்கிறது.

இனி மண்ணுக்கு. எவ்வளவு அமிலம் இன்னும் பாக்கி என்று அறிய, ஒரு கரண்டி சேற்றில் 30 சதவீத பெராக்சைடு ஊற்றிப் பாருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், பீங்கான் கோப்பை நல்லது. நுரைத்துப் பொங்கிச் சூடாகி, அடங்கியபின் பிஎச் 3-க்குக் கீழே நின்றால் சந்தேகமில்லை. கரிமப் பொருள் அதிகமுள்ள சேறும் பொங்கும் என்பதால், பொங்குவதை விட்டுவிட்டுக் கடைசி பிஎச்சை நம்புங்கள். கிளிஞ்சல் துண்டுகள் நிறைந்த முகத்துவாரச் சேறு பல சமயம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அந்த ஓட்டில் இருப்பதும் சுண்ணாம்புதான்.

ஆய்வகத்தில் கந்தகத்தின் அளவை வாங்கிக் கணக்குப் போடுங்கள். சல்பைடு வடிவில் 1 சதவீதம் கந்தகம் இருந்தால் ஒரு டன் உலர் மண்ணுக்கு 31.25 கிலோ கால்சியம் கார்பனேட் தேவை. 1,000 டன் மண்ணில் 0.8 சதவீதம் என்றால் 25 டன். கலவை ஒரே சீராக அமையாது என்பதால் ஒன்றரை மடங்கு போடுவது வழக்கம்: 37.5 டன். சுண்ணாம்புக்கல் தூளாகப் போடுங்கள், சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். தூள் எவ்வளவு போட்டாலும் பிஎச் எட்டரையைத் தாண்டாது, எனவே கைதவறினாலும் கெடுதல் இல்லை. மேலே தூவிவிட்டுப் போனால் துருப் படலம் பூத்துச் செயலிழந்துவிடும். ரோட்டவேட்டர் வைத்து உழுது கலக்க வேண்டும்.

பல்லாவரம், குரோம்பேட்டை தோல் ஆலைகளின் கழிவைச் சுமந்த அடையாற்றுச் சேறு போன்றதில் குரோமியத்தைத் தனியாகப் பாருங்கள். காற்றில்லாத சேற்றில் அது மூவிணைய வடிவில் கரையாமல் இருக்கும். காய்ந்த மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் ஒரு பங்கு ஆறிணைய வடிவுக்கு மாறலாம். அமிலமில்லாத நீரிலும் கரைந்து ஓடக் கூடியது அது. காயவைக்கும் களத்தில் மொத்தக் குரோமியத்தோடு ஆறிணையத்தையும் மாதந்தோறும் அளக்கச் சொல்லுங்கள்.

வெள்ளைப் பூப்பு, பறக்கும் தூசி

வெள்ளையாகப் பூத்திருந்தால் நாக்கில் வைக்காதீர்கள்; நீரில் கரைத்து டிடிஎஸ் பாருங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் சாம்பல் நிறத்தில் நின்றால் சாம்பல்தான், அது காற்றில் பறந்து வீடுகளுக்குப் போகும். உப்புப் பூப்பு ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கழுவிப் போய்விடும், அதுவரை எது நட்டாலும் கருகும். சாம்பலுக்குத் தண்ணீர் லாரி தற்காலிக ஏற்பாடு, மண் மூடுவதே முடிவு.

கரையில் ஈரம், விரிசல், ஊற்று

கரையின் வெளியடியில் நீர் கசிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் நோட்டில் எழுதிக் கவனியுங்கள். மண்ணோடு வந்தால் கரை உள்ளிருந்து அரிக்கிறது. களிமண்ணை வைத்து அமுக்கி அடைக்க எல்லோருக்கும் கை துடிக்கும். அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வழி தேடும். மணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெருஜல்லி என்று போட்டு, நீர் வரட்டும், மண் மட்டும் நிற்கட்டும் என்று விடுங்கள். உள்பக்கம் நீர்மட்டத்தைக் குறையுங்கள். நண்டு வளை, எலி வளை, வெட்டிய சீமைக்கருவேலத்தின் மக்கிய வேர் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள்.

விரிசலில் திசையைப் பாருங்கள். வலைபோலப் பின்னியிருந்தால் வெறும் காய்ச்சல். கரையின் நீளவாக்கில் ஓடி, வெளியடியில் தரை புடைத்திருந்தால் கரை சரியத் தொடங்கிவிட்டது. அன்றே கொட்டுவதை நிறுத்தி ஆட்களை அப்புறப்படுத்துங்கள். குறுக்குவாட்டு விரிசல் அகலம் குறைவானாலும் களத்திலிருந்து வெளியே நேர்வழி, அதைத் தோண்டி நிரப்பி இறுக்க வேண்டும். நீர்மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் எப்போதும் இரண்டடி விட்டுவையுங்கள், அக்டோபரில் இன்னும் கூட.

பக்கத்துக் கிணற்றில் சுவை மாறிவிட்டது

களம் கட்டுவதற்கு முன்பே சுற்றுக் கிணறுகளின் நீரைச் சோதித்து வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். இல்லையென்றால் வழக்கு. எண்ணூர் மாதிரி நிலத்தடி நீரே உப்பான ஊரில் முன்கணக்கு இல்லாமல் யாராலும் எதையும் நிறுவ முடியாது.

எண்களைப் படிக்கும் விதம்: குளோரைடு எதிலும் ஒட்டாமல் தண்ணீரின் வேகத்திலேயே ஓடுவதால் முதலில் வந்து சேரும், அது மட்டும் ஏறினால் உப்புச் சேற்றின் நீர் கசிகிறது, மற்றவை பின்னால் வரலாம் என்ற முன்னெச்சரிக்கை. சல்பேட் ஏறி பிஎச் இறங்கினால் களத்தில் அமிலம் பிறந்து கீழே போகிறது. கிணற்று நீர் வாளியில் எடுக்கும்போது தெளிவாக இருந்து ஒரு மணி நேரத்தில் மஞ்சளித்தால் இரும்பு. காற்றில்லாத நீர் வந்துகொண்டிருக்கிறது, அதோடு அம்மோனியாவையும் மாங்கனீசையும் தேடுங்கள். நன்றாக இறுகிய களிச் சேறே தன் அடியில் ஒரு தடுப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் முதல் அடுக்கு இறுகும்வரை மணல் தரையில் கசிவு அதிகம், அடியில் விரிக்கும் லைனர் எனும் நீர்புகா விரிப்பு பற்றிய முடிவை அந்தக் காலத்தை வைத்து எடுங்கள்.

களம் பசேலென்று இருக்கிறது, மாடு மேய்கிறது

பசுமையைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்துபோவார்கள், புகைப்படமும் வரும். சாக்கடைச் சேற்றில் தழைச்சத்தும் மணிச்சத்தும் தாராளம், எதுவும் செழிக்கும். காய்ந்த மண்ணில் காட்மியமும் துத்தநாகமும் வேருக்கு எட்டும் நிலைக்கு வந்திருக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. கீரை வகைகள் காட்மியத்தை இலையில் ஏற்றிக்கொள்ளும். காவலாளி ஓரமாக ஒரு பாத்தி முளைக்கீரை போட்டிருந்தால், அதைக் கடிந்து பேசாமல், ஏன் கூடாது என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் வில்லோ, பாப்லர் மரங்கள் இலையுதிர்வழியே காட்மியத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. எனவே எந்த மரமும் நல்லது என்று நடக் கூடாது. நல்ல மண் ஓரடிக்கு மேல் மூடி, வேர் ஆழமில்லாத புல் போதும். மாட்டுக்காரரிடம் கெஞ்சுவதைவிட வேலி உறுதி.

கோடையில் தேங்கிய குட்டையில் கழுத்துத் தொங்கிய வாத்துகள் செத்துக் கிடந்தால் பொட்டுலிசம் எனும் பாக்டீரியா நச்சு என்று சந்தேகியுங்கள். செத்த பறவைகளை அன்றே அகற்றினால்தான் புழுக்கள் வழியே மற்றவற்றுக்குப் பரவாது. குட்டையை வடித்துவிடுங்கள், கொசுத் தொல்லையும் அதோடு போகும்.

இரண்டு ஆய்வகம், இரண்டு விடை

சண்டை போடும் முன் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, ஈர எடையா உலர் எடையா? 60 சதவீதம் நீருள்ள சேற்றில் ஈர எடைக்கு 40 என்றால் உலர் எடைக்கு 100. இரண்டு, மணலா நுண்சேறா? உலோகம் 63 மைக்ரானுக்குக் குறைந்த துகளில்தான் தங்கும். மணல் கலந்த மாதிரி எப்போதும் நல்ல பிள்ளையாகத் தெரியும். மூன்று, எப்படிக் காயவைத்தார்கள்? 105 டிகிரியில் வைத்தால் பாதரசத்தில் ஒரு பங்கு ஆவியாகிவிடும். நான்கு, மாதிரிப் போத்தலை முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டிருந்தார்களா? விட்டிருந்தால் சல்பைடு கணக்கே செல்லாது.

மண்ணைக் கேட்டு டிப்பர் வந்து நிற்கிறது

ஏரி வண்டல் வயலுக்கு உரம் என்பது நம் ஊர்ப் பழக்கம்; 2017-இல் குடிமராமத்தைத் திரும்பத் தொடங்கியபோது வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளவும் அனுமதித்தார்கள். அந்த ஏரி வண்டலையும் நகரத்து ஆற்றுச் சேற்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் வரும் வினைதான் இது. ஒரு களத்தில் இரவோடிரவாகப் பாதி மேடு வீட்டுமனை நிரப்பப் போயிருந்தது, பதிவேட்டில் "சவுடு" என்று மட்டும் எழுதியிருந்தது. எங்கே போனது என்று பின்னால் தேடுவது நடக்காத காரியம்.

வெளியே அனுப்பும் முன் அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் உலுக்கும் கசிவுச் சோதனையைச் செய்வார்கள். லிட்டருக்கு ஈயம் 5, குரோமியம் 5, ஆர்செனிக் 5, காட்மியம் 1, பாதரசம் 0.2 மில்லிகிராம் என்பவை அதன் வரம்புகள். தாண்டினால் அது அபாயக் கழிவு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ளது மாதிரியான காப்பிட்ட நிரப்புநிலத்துக்குத்தான் போக வேண்டும். தாண்டாவிட்டாலும் ஒரு கேள்வி பாக்கி: மாதிரி ஈரமாக எடுத்ததா, காய்ந்து மாறியதா? ஈரச் சேறு சல்பைடு பிடியில் இருக்கும்போது சுலபமாகத் தேறிவிடும். மனையில் கொட்டி ஆறு மாதம் காய்ந்தபின் அது வேறு மண். ஆகவே சில வாரங்கள் நனைத்தும் காயவைத்தும் முதிரச் செய்த மாதிரியிலும் அதே சோதனையைக் கேளுங்கள்.

வெளியே கொடுக்கத் தகுந்த பங்கு உண்டு. கழுவிப் பிரித்த மணலை நிரப்புக்கும் கட்டுமானத்துக்கும் சோதித்துக் கொடுக்கலாம், ஹாம்பர்க்கில் செய்வது அதைத்தான். மீதி நுண்களிக்குச் செங்கல் சூளைக்காரர்கள் வருவார்கள். சுட்ட செங்கல்லில் பல உலோகங்கள் கட்டுண்டு நிற்கும் என்பது சரி. பாதரசம் நிற்காது, புகைபோக்கி வழியே கிளம்பிவிடும். அதனால் சூளைக்காரரிடம் விலை பேசும் முன் பாதரச அறிக்கையை எடுத்து மேசைமேல் வையுங்கள், அந்த எண்ணைப் பார்த்தபின் லோடு கணக்கைப் பேசலாம்.